செவலைப் பசுவும் முன்வரிசை நாற்காலியும்

அன்று விடியற்காலை, பனியில் குந்தி உட்கார்ந்து புல் அறுத்துக்கொண்டிருந்தபோது, நான் ஓர் ஆண்பிள்ளை என்பது திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது.

இத்தனை வருஷம் எப்படி மறந்துபோனேன் என்று தெரியவில்லை. கல்யாணத்தன்று ஞாபகம் இருந்தது. தாலி கட்டும்போதுகூட இருந்தது. மறுவாரம் மாமனார் வீட்டிலிருந்து ஒரு பசு வந்தது. அதோடு போயிற்று.

என் மாமனார் வட்டவடையில் பூண்டு விளைவிக்கிறவர். ஊரில் மற்ற மாமனார்கள் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், கைக்கடிகாரம் கட்டுவார்கள். இவர் பசு கட்டினார். அந்தப் பசு கன்று போட்டது. அந்தக் கன்று ஒரு கன்று போட்டது. அதுதான் இப்போது இருக்கிற செவலை. பசுவில் மூன்று தலைமுறை மாறிவிட்டது. புல் அறுக்கிற ஆள் மாறவில்லை.

நான் யார்? மொக்கையன். மூணாறு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் ஃபாக்டரியில் டிரையர் ஓட்டுகிறவன். பச்சை இலை என் கையில் வெந்துதான் கறுப்புத் தேயிலையாக வெளியே வரும். சீமையில் ராஜா ராணி எல்லாம் என் தேயிலையைக் குடித்துவிட்டுத்தான் பல் விளக்குகிறார்களாம். அப்பேர்ப்பட்டவன் விடியுமுன்னே எழுந்து, அட்டைக்குக் கால் ரத்தத்தைத் தானம் செய்து, ஒரு மாட்டுக்குப் புல் அறுக்கிறேன். அந்த மாடு அதைத் தின்றுவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. நன்றிக்கு அல்ல. ஈ ஓட்டுவதற்கு.

போதும் என்று தீர்மானித்தேன். புல்கட்டோடு வாசலில் வந்து நின்றேன்.

"இந்தா, மூக்கம்மா. வெளிய வா."

"உள்ள வாங்க. வெளிய குளுருது."

"வர மாட்டேன். இன்னைக்கு ஒரு முடிவு தெரியாம உள்ள வர மாட்டேன்."

"அப்ப அங்கயே நில்லுங்க. டீ உள்ள இருக்கு."

உள்ளே போனேன். முடிவை உட்கார்ந்துகொண்டும் சொல்லலாம்.

"செவலைய வித்துரப் போறேன்," என்றேன். "மறையூர்லேருந்து யாவாரி காளிச்சாமி திங்கக்கிழமை காலையில கயிறோட வர்றாரு. சொல்லி அனுப்பியாச்சு."

"வரட்டும். டீ போட்டுக் குடுப்போம்."

"பசுவையும் புடிச்சுக் குடுப்போம்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்றீங்க, சரி. யாரு சொன்னான்னு கேக்குறேன்."

"நல்லாக் கேட்ட, தங்கச்சி," என்றது சுவர்.

எங்கள் லயத்து வீடுகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரே கூரை, வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. பாதியில் களைத்து நின்றுவிடும். அதனால் என் குடும்பச் சண்டையில் எப்போதும் மூன்று பேர். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுப் பெரியமுத்து. என் மனைவியைத் தங்கச்சி என்பார், அந்த முறையில் என்னை மச்சான் என்பார். எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

"பெரியமுத்து, இது எங்க குடும்ப விசயம்!"

"தெரியும் மச்சான். அதான் மெதுவாப் பேசுறேன்."

மூக்கம்மாள் அடுப்பில் பாலை வைத்தாள். செவலையின் பால்தான். "பசுவ வித்துட்டா டீக்குப் பாலுக்கு எங்க போவீங்க?"

"பாலில்லாமக் கட்டஞ்சாயா குடிப்பேன்."

"புள்ளைங்க?"

"அதுகளும் கட்டஞ்சாயா குடிக்கும். தேயிலை எஸ்டேட்டுல பொறந்துட்டு என்ன பாலு வேண்டிக் கெடக்கு?"

"ஏங்க, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது. வெளிய உங்க பேச்ச யாராச்சும் கேக்குறாங்களா? கங்காணி கேக்குறாரா? கிளார்க்கு கேக்குறாரா? அந்த டிரையராச்சும் கேக்குதா? ஊரு ஒலகத்துல ஒருத்தரும் கேக்காதத நான் மட்டும் எதுக்குக் கேக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. "தொரையே என்னையப் பாத்து 'குட்'டுன்னு சொல்லிருக்காருடி!"

"அது டீயப் பாத்துச் சொன்னது. நீங்க பக்கத்துல நின்னீங்க."

அப்போதுதான் அந்தச் சபதம் என் வாயில் வந்தது. அதற்குக் காரணம் சினிமா.

எங்கள் துரை வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். கடைசி வெள்ளைக்காரத் துரை. அடுத்து வரப்போகிறவர் கோட்டயத்துக்காரர் என்று பேச்சு. போகிற துரை, தன் நினைவாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளப் மைதானத்தில் தங்கள் நாட்டுப் படம் ஒன்று போட்டுக் காட்டுகிறார். துப்பாக்கி, கார், குண்டு எல்லாம் உள்ள சண்டைப் படம் என்று மூணாற்றிலிருந்து மெஷின் கொண்டுவந்தவன் சொன்னான்.

எங்கள் எஸ்டேட்டில் படம் போடுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு கம்பம் நட்டு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால் நாற்காலிகள். அங்கே துரை, ஆபீசர், கிளார்க் குடும்பங்கள். துணிக்குப் பின்னால் புல்தரை. அங்கே நாங்கள். துணி மெல்லிசு, படம் இரண்டு பக்கமும் தெரியும். என்ன, அந்தப் பக்கம் வலதாக இருப்பது இந்தப் பக்கம் இடதாக இருக்கும். தமிழ்ப் படம் போட்டால் எழுத்தெல்லாம் திரும்பி வரும். பெரியமுத்து சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து, துணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நடிகர் பேரை எல்லாம் கண்ணாடியில் பார்த்து வாசித்துச் சொல்வார். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் கதாநாயகன் என்றாலே இடது கையால் குத்துகிறவன்தான். வெள்ளைக்காரன் வைத்த முறை, அவன் கொடி இறங்கி எத்தனையோ வருஷமாகியும் இறங்கவில்லை. நாங்களும் பழகிப்போய், அதை நினைப்பதையே விட்டுவிட்டோம்.

"ஞாயித்துக்கெழம படத்துக்கு," என்றேன், டம்ளரைத் தரையில் தட்டி வைத்து, "நான் முன்னால உக்காருவேன். நாற்காலியில. தொரைக்குப் பக்கத்துல."

சுவர் சிரித்தது.

"முழுப் படமும் நாற்காலியில உக்காந்து பாப்பேன். அப்படிப் பாத்த ஆளு சொல்றதுதான் இனிமே இந்த வீட்டுல சட்டம். செவலை விசயம் உள்பட. சம்மதமா?"

மூக்கம்மாள் பாலைப் பார்த்தாள். பால் பொங்கி வருகிற நேரம் வரைக்கும் யோசித்தாள். பிறகு இறக்கி வைத்தாள்.

"முழுப் படமுமா?"

"முழுப் படமும்."

"முன்னால நாற்காலியில உக்காந்து முழுப் படமும் பாக்குற ஆளு சொல்றதுதான் சட்டம். அப்படித்தானே?"

"அப்படித்தான்!"

"அண்ணே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு தங்கச்சி. நான் சாட்சி."

இதில் என்ன வில்லங்கம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வில்லங்கம் என்பது தோன்றாமல் இருப்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்து மாட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அகலமாகிவிட்டேன், கோட்டு அகலமாகவில்லை. மூச்சை உள்ளே இழுத்தால் பித்தான் போட முடிந்தது. மூச்சு விட்டால் முடியவில்லை. படம் முடிகிற வரைக்கும் மூச்சு விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

"நீ வரலையா?"

"நான் எங்க வர? பங்களாவுல தொரையம்மா வரச் சொல்லிருக்காங்க. மக சீமையிலேருந்து கைக்கொழந்தையோட வந்திருக்குல்ல? அந்தப் பிள்ள என்னைய விட்டா யார்கிட்டயும் இருக்க மாட்டேங்குது."

அது உண்மைதான். மூக்கம்மாள் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் தங்கள் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். எப்படிப்பட்ட அழுகையும் அவள் இடுப்பில் ஏறினால் அடங்கிவிடும். என்னையே அடக்கியவள், வெள்ளைக்காரக் குழந்தை எம்மாத்திரம்.

"கோட்டுல ஒரு பித்தான் அந்துருக்கு," என்றாள். "சேர்ல உக்காரும்போது கையால மறைச்சுக்கோங்க."

அந்தக் கரிசனத்தில் என் மனசு கொஞ்சம் இளகியது. பாவம், தோற்கப்போகிறாளே என்று இருந்தது.

மைதானத்து வழியில் கிளப் காவல்காரன் சுவக்கீன் நின்றான். நானும் அவனும் ஒன்றாகக் கோலி விளையாடியவர்கள். காக்கிச் சட்டை போட்டால் அவனுக்கு அது மறந்துவிடும்.

"சுவக்கீனு, வழிய விடு."

"பின்னால போறதுக்கு அந்தப் பக்கம் வழி."

"நான் முன்னால போறேன்."

"அதான் சொல்றேன். பின்னால போறதுக்கு அந்தப் பக்கம் வழி."

"தொரை என்னைய வரச் சொல்லிருக்காரு."

"என்னைக்கு?"

"போன வருசம். ஃபாக்டரியில. 'கம்'முன்னு கையக் காட்டினாரு."

"அது எந்திரிச்சுப் போகச் சொன்னதா இருக்கும்," என்றான் சுவக்கீன். பிறகு என் தோளைப் பார்த்தான். "ஏலே மொக்கையா, கிளப்புக்குள்ள இன்னும் சேர் கெடக்கு. தூக்க ஆள் இல்ல. சும்மாதான நிக்க?"

என் மூளை மின்னியது. நாற்காலிக்கு நான் போக முடியாவிட்டால் என்ன? நாற்காலியை நான் கொண்டுபோவேன்.

தூக்கினேன். கோட்டோடு தூக்கினேன். கிளப்பில் இருந்த நாற்காலி எல்லாம் என் தோளில் ஏறித்தான் மைதானத்துக்கு வந்தது. கடைசி நாற்காலியைக் கடைசி வரிசையின் ஓரத்தில் போட்டேன். சுற்றிப் பார்த்தேன். உட்கார்ந்தேன்.

சத்தியமாக உட்கார்ந்தேன். பிரம்பு பின்னிய நாற்காலி. முதுகைச் சாய்த்தால் அது தாங்குகிறது. கையை வைக்கக் கை இருக்கிறது. இவ்வளவு சுகத்தில் இருந்துகொண்டுதான் இவர்கள் எங்களைச் சோம்பேறி என்கிறார்களா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கால்மேல் கால் போட்டேன். மூச்சை விட்டேன். பித்தான் ஒன்று பறந்தது.

"யாரது, மொக்கையனா?" என்றது ஒரு குரல். பெரிய கிளார்க். பக்கத்தில் அவர் மச்சினன். "எங்களுக்காக எடம் புடிச்சு வச்சிருக்கியா? நல்லது, நல்லது."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் உடம்பு எனக்குத் தெரியாமல் எழுந்து நின்றது. அது போதாதென்று வலது கை தானாக நெற்றிக்குப் போய் ஒரு சலாம் வைத்தது. அந்தக் கையை இன்னும் நான் மன்னிக்கவில்லை. நாற்காலியைத் தூக்க என் தோள் வேண்டும், அதில் உட்கார என் முதுகு வேண்டாமா? கேட்டிருக்க வேண்டும். துணியைச் சுற்றிப் பின்னால் வந்து புல்தரையில் நின்ற பிறகு பிரமாதமாகக் கேட்டேன்.

"வாங்க மச்சான்," என்றார் பெரியமுத்து, கையில் கண்ணாடியோடு. "உங்க எடத்தப் புடிச்சு வச்சிருக்கேன். புல்லு உங்களுக்குப் பழகினதுதானே?"

"பெரியமுத்து, நீ என்னைய இங்க பாக்கல."

"பாக்கலன்னா ஒரு கட்டு பீடி ஆகும்."

"தர்றேன்."

"அப்ப யாரு நீங்க?" என்றார்.

படம் ஆரம்பித்தது. என்ன படம் சார் அது! கதாநாயகன் ஒரு துப்பறிகிறவன். கோட்டும் தொப்பியுமாகப் பாலத்தின் மேல் நிற்கிறான். கீழே ரயில் வருகிறது. எட்டிக் குதிக்கிறான். அதற்குள் ரயில் போய்விட்டது. தண்டவாளத்தில் விழுகிறான். நாமாக இருந்தால் அழுதிருப்போம். அவன் என்ன செய்தான்? எழுந்து தூசியைத் தட்டி, பையிலிருந்து ரொட்டியை எடுத்துத் தின்றுகொண்டே அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தான். என்ன நெஞ்சுறுதி!

சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு மனுசன் விழுந்து கெடக்கான், சிரிக்கிறீங்களே! உங்களுக்கெல்லாம் ஈரம் இருக்கா?"

"மச்சான், இது சிரிப்புப் படம் மாதிரி இருக்கு."

"சண்டைப் படம்! மெஷின்காரன் சொன்னான். பேசாமப் பாரு."

வில்லன் வாத்து வளர்க்கிறவன். ஒரு பெரிய குண்டு வைத்து ஊரையே தகர்க்கப் போகிறான். கதாநாயகன் கார் ஏறித் துரத்துகிறான். ஒரு கதவு கழன்று விழுகிறது. இன்னொரு கதவு விழுகிறது. கடைசியில் சக்கரமும் போய், ஸ்டீரிங்கை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடுகிறான். வளைவில் கையைக் காட்டித்தான் திரும்புகிறான். சட்டத்தை மதிக்கிறவன். அப்புறம் இருவரும் கட்டிப் புரண்டு சண்டை. நடுவில் மணி அடிக்கிறது. சண்டையை நிறுத்திவிட்டு இருவரும் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். சர்க்கரை வேண்டுமா என்று வில்லன் கேட்கிறான். குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு மறுபடியும் குத்துகிறார்கள்.

எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். எனக்கு மட்டும் கண் கலங்கியது. அந்த டீயின் நிறத்தைப் பார்த்தேன். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். அது என் டிரையரில் வந்த சிவப்பு. எங்கோ சீமையில், உயிர் போகிற சண்டையின் நடுவில், இரண்டு ஆண்பிள்ளைகள் சண்டையை நிறுத்திவிட்டு என் டீயைக் குடிக்கிறார்கள். இதை என் பெண்டாட்டி பார்க்கவில்லையே என்று இருந்தது.

துணிக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு. அதில் ஒரு பெண்குரல் மட்டும் அடிவயிற்றிலிருந்து, மலை எதிரொலிக்கச் சிரித்தது. துரையம்மாவாக இருக்கும் என்று நினைத்தேன். பெரிய இடத்துப் பெண்ணுக்கு இப்படி ஒரு நாட்டுச் சிரிப்பா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

முடிவில் கதாநாயகனுக்குத் தளபதி மெடல் குத்துகிறார். மெடல் கோட்டில் குத்தாமல் நெஞ்சில் குத்திவிட்டது. அவன் கத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, விறைத்து நின்று, இடது கையால் ஒரு சலாம் வைத்தான் பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மூக்கம்மாள் பங்களாவிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியாது. ஆனால் ஒரு முடிவோடுதான் படுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேனா? உட்கார்ந்தேன். படம் முழுக்கப் பார்த்தேனா? பார்த்தேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சின்ன இடைவெளியை ஒரு கெட்டிக்காரன் பொய்யால் அடைக்க முடியாதா?

மறுநாள் காலை செவலை கத்தியது. நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கத்தியது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்தக் கதகதப்பில் எனக்குச் சுதந்திரம் என்றால் என்னவென்று முதல்முறையாகப் புரிந்தது.

மூக்கம்மாள் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "என்னங்க, புல்லுக்குப் போகலையா?"

"புல்லா? நாற்காலியில உக்காந்தவன் புல்லு அறுக்க மாட்டான்."

"உக்காந்தீங்களா!" என்றாள், கண்ணை அகல விரித்து.

"பின்ன? தொரை 'வா மொக்கையா'ன்னு கையப் புடிச்சு உக்கார வச்சாரு. பிரம்பு நாற்காலி. பிஸ்கட்டு குடுத்தாரு."

சுவர் இருமியது.

"பெரியமுத்து, இருமலுக்குப் பீடியக் கொற!" என்றேன். சுவர் அடங்கியது.

"அப்ப கதையச் சொல்லுங்க," என்று அவள் எதிரில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். குளிருக்கு என்று நினைத்தேன்.

சொன்னேன். சொன்னேன் என்ன, நடித்தேன். கரண்டியை எடுத்துத் துப்பாக்கியாகப் பிடித்தேன். பாலத்துக்கு உரல். ரயிலுக்குப் பாய். டீ குடிக்கிற இடத்தில் நிஜமாகவே டீ குடித்தேன். கடைசியில் விறைத்து நின்று, அந்தக் கதாநாயகன் வைத்த சலாமை அப்படியே வைத்தேன்.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "சலாம் எடது கையிலயா போட்டான்?"

"ஆமா."

"துப்பாக்கியும் எடது கையிலயா?"

"எடது கையிலதான்."

"ரொட்டி தின்னது?"

"எல்லாம் எடது கைதான். வெள்ளைக்காரனப் பத்தி உனக்கு என்ன தெரியும்? அவங்களுக்கு வலது கை வேலைக்கு, எடது கை மரியாதைக்கு."

"நம்ம தொரை வலது கையாலதான சலாம் போடுறாரு?"

"இங்க வந்து கெட்டுப்போயிட்டாரு."

"கார ஓட்டுறப்ப எந்தப் பக்கம் உக்காந்தான்?"

"எடது பக்கம்."

"தொரை ஜீப்புல வலது பக்கம்ல உக்காந்து ஓட்டுறாரு?"

"அது நமக்காக மாத்திச் செஞ்சு அனுப்பினது! எல்லாத்தையும் எடக்கையால செஞ்சதாலதான் அவங்களால இத்தன நாட்ட ஆள முடிஞ்சது. வலக்கை அசராம இருந்துச்சு!"

சுவரில் இருமல் பிய்த்துக்கொண்டது. பீடியால் அடங்குகிற இருமல் அல்ல அது.

மூக்கம்மாள் வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். "என்னமோங்க. நான் உக்காந்திருந்த பக்கத்துலேருந்து பாத்தப்ப, அந்தாளு வலது கையாலதான் சலாம் போட்டான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு, புரியாமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

"நீ... எந்தப் பக்கம் உக்காந்திருந்த?"

"முன்னாலதான். மொத வரிசை. தொரையம்மாவுக்குப் பக்கத்துச் சேர். படத்துக்குக் கெளம்புறப்ப பிள்ளைய வாங்கப் பாத்தாங்க, வீல்னு கத்துச்சு. 'ஆயா, நீயும் வா'ன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. பிள்ள மடியில தூங்கிருச்சு. நான் கடைசி வரைக்கும் அசையாமப் பாத்தேன்."

அடிவயிற்றிலிருந்து வந்த அந்தச் சிரிப்பு இப்போது என் காதில் மறுபடியும் கேட்டது. மூன்று தலைமுறைப் பசு காலமாக நான் கேட்கிற சிரிப்பு. துணி ஒன்று நடுவில் வந்ததும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

"படத்துக்கு முன்னாடி கிளப் வராண்டாவுல பிள்ளையோட நின்னேன்," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க சேர் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்ததப் பாத்தேன். கிளார்க்குக்கு எந்திரிச்சுக் குடுத்ததையும் பாத்தேன். எனக்கு அழுகையா வந்துச்சு. நெசமாத்தான். அப்புறம் அந்தாளு ரயில விட்டுட்டு ரொட்டி தின்னானா, சிரிப்பு வந்துருச்சு."

நான் உட்கார்ந்தேன். பாலத்தின் மேல், அதாவது உரலின் மேல்.

"அதனால என்ன?" என்றேன். விட்டுக்கொடுக்கிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. "யாவாரி இப்ப வந்துருவாரு. அவருகிட்ட வாக்குக் குடுத்தாச்சு. ஆண்பிள்ள வாக்கு!"

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் காளிச்சாமியின் குரல். "ஏனுங்க அம்மிணி, ஊட்ல இருக்கீங்களா?"

வெற்றிச் சிரிப்போடு வெளியே போனேன். காளிச்சாமி கயிறோடுதான் நின்றார். ஆனால் கயிற்றின் மறுமுனையில் ஒரு பசு இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, எங்கள் லயத்து வாசலைவிட அகலமாக ஒரு சீமைப் பசு.

"காளிச்சாமி, பசு வாங்க வந்தவரு எதுக்குய்யா பசுவோட வர்றீரு?"

"அம்மிணி வெடியக்காலையிலயே ஆள் அனுப்பிட்டாங்களுங்க. பங்களாவுலருந்து இதப் புடிச்சாந்து உட்டுட்டுப் போகச் சொன்னாங்க. எங்கீங்க கட்டறது?"

"செவலைக்குப் பக்கத்துல," என்றாள் மூக்கம்மாள் என் பின்னாலிருந்து.

"இது தொரை வீட்டுப் பசுல்ல!"

"ஆமா. கப்பல்ல ஏத்திட்டா போக முடியும்? பிள்ளையப் பாத்துக்கிட்டதுக்கு எனக்குக் குடுத்துட்டாங்க. நம்ம செவலைய மாதிரி ரெண்டு பங்கு பால் கறக்குமாம்."

"ரெண்டு பங்கு தின்னுமே!"

"தின்னாத்தான கறக்கும்? இப்ப சட்டத்தச் சொல்றேன், கேட்டுக்கோங்க. முன்னால நாற்காலியில உக்காந்து முழுப் படமும் பாத்தது நானு. செவலை எங்கயும் போகல. இவளும் இனிமே நம்ம வீட்டு ஆளு. அண்ணே, சரிதான?"

"சாட்சிக்கு எப்ப வேணாலும் கூப்புடு தங்கச்சி," என்றது சுவர். "மச்சான், அந்தப் பீடிக்கட்ட மறந்துறாதீங்க."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அந்தக் கதாநாயகனை நினைத்துக்கொண்டேன். ரயில் போனால் என்ன, கார் கழன்றால் என்ன, நெஞ்சில் மெடலே குத்தினால்தான் என்ன? லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "முடியாது! இந்த மொக்கையன் ஆண்பிள்ள! ஒரு மாட்டுக்கே அறுக்க மாட்டேன்னு சொன்னவன், ரெண்டு மாட்டுக்கு அறுப்பேனா? தலையே போனாலும் இன்னைக்கு நான் புல்லுக்காட்டுக்குப் போக மாட்டேன்!"

மூக்கம்மாள் கையை உயர்த்தினாள். கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்து என் முன்னால் நீட்டினாள். காலையெல்லாம் நடித்த பழக்கத்தில் இடது கை முன்னால் போயிற்று.

"வலது கையில புடிங்க," என்றாள்.